பத்துக்கு நாலு

ஞாயிறு இரவு ஒன்பதேகாலுக்குக்
கீழக்கரையிலிருந்து டிரங்க் கால் வரும்.
"சீனி அசனா பேசுறேன். எழுதிக்கங்க."
பின்னால் இரைவது கடலா, லைனா என்று
இருபத்திரண்டு வருடம் கேட்டும் பிரிக்கத் தெரியவில்லை எனக்கு.

மதுரையில் ஒரு மாடியறையில்
வெட்டுவது என் வேலை.
அவருக்கு ஐந்து நாள் ஒன்பதாம் வகுப்புப் பூகோளம்,
மிச்சம் இரண்டு நாள் பந்து.

அவர் சொல்வார்:
முதல் பாதியில் பெரியபட்டினம் கச்சானுக்கு எதிரே ஆடியது.
உதைத்த பந்து உதைத்தவனிடமே திரும்பி வந்தது, மூன்று முறை.
பிறகு அது கடலுக்குப் போனது.
வலை இழுத்துக்கொண்டிருந்த வள்ளத்துக்காரர்
இழுத்து முடித்துத்தான் எடுத்துப் போட்டார்.
பதினொரு நிமிடம்.
அதுவரை இரண்டு அணியும் ஒரே குடத்தில்
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

நான் போடுவேன்:
பெரியபட்டினம் 2, ஏர்வாடி 1.

புதன்கிழமை உறை வரும்.
என் செய்தியைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி,
சிவப்பு மையில்:
"காற்று எங்கே? காற்றைச் சொல்லாத ஸ்கோர் பாதிப் பொய்."
ஓரத்தில் வட்டத்துக்குள் பத்துக்கு நாலு.
ஒரு தடவை ஐந்தரை வாங்கினேன்,
மைதானத்துக்கு முன்னால் அவர் வைத்திருந்த
'உப்புப் பூத்த'வை விட்டுவைத்ததற்கு.
அந்தத் தாளை மனைவியிடம் காட்டினேன்.

எண்பத்து மூன்று, மே.
தொண்டியில் எழுவர் கோப்பை, இறுதி ஆட்டம்.
மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தவர்
"கடைசி பெனால்ட்டியை எடுத்தவர்
கம்பத்துக்கு வெளியே அடித்தார்" என்றதும் நின்றார்.
பேர்?
ஆபரேட்டர் குறுக்கே வந்து, நீட்டிக்கவா என்றாள்.
"நீட்டும்மா."
நீட்டியும் பேசவில்லை.
"பேர் சொல்லுங்க சார், பக்கம் மூடணும்."
"சுல்தான் கனி."
இரைச்சல்.
"சீ. அ. சுல்தான் கனி. இனிஷியல் விடாமப் போடுங்க.
டீம்ல ரெண்டு சுல்தான் கனி.
அடுத்த வீட்டுப் பிள்ளை மேல
பழி விழுந்துடக் கூடாது."

அன்று ஒரு சொல்லையும் தொடவில்லை.
முண்டு மிளகாய் விலையைத் தூக்கிவிட்டு
முழுசாக இறக்கினேன்.
புதன் உறையில் மதிப்பெண் இல்லை.
"அவன் அடித்தது இடது காலால்.
வலது என்று அச்சாகியிருக்கிறது.
மிளகாய் விலையை ஏன் எடுத்தீர்கள்?
இங்கே முதலில் படிப்பது அதைத்தான்."

போன தை மாதம் போய்விட்டார்.
ஓய்வில் இருக்கும் நான் ஆறு வரி எழுதி அனுப்பினேன்.
என் நாற்காலியில் இப்போது யாரோ.
ஒரு வரி வந்தது:
கீழக்கரை ஓய்வுபெற்ற ஆசிரியர் காலமானார்.
மேலே நகைக்கடை விளம்பரம், கால் பக்கம்.
கத்தரித்தேன், ஒட்டினேன்.
'காற்று எங்கே' என்று எழுதத் தொடங்கி
வீட்டில் சிவப்புப் பேனா இல்லாததால் எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் போய் இறங்கினேன், நாள் பிந்தி.
கதவைத் திறந்தவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது,
வாசலில் செருப்பு மாட்டும்போது
இடது காலை முதலில் நீட்டினார்.
நான் யாரென்று சொன்னதும்,
"நாலு மார்க்கா?" என்றார்.

உயரமான மனிதர் என்று
குரலை வைத்து முடிவுகட்டியிருந்தேன்.
"வாப்பாவா? ஐந்தடி.
மேட்ச் பார்க்கப் பெஞ்சு தூக்கிட்டுப் போவாங்க."

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.
போனில் அந்த இரைச்சல், கடல்தானே?
"ஐஸ் கம்பெனி மோட்டார்.
அங்கேதான் போன் இருந்துச்சு.
முதலாளி ஏர்வாடிக்காரர்.
ஏர்வாடி ஜெயிச்ச அன்னிக்குக்
கால் காசு வாங்க மாட்டார்."